காற்றுக் குழாய் முதல் கைபேசி ஸ்டார்ட்டர் வரை

தொழிற்சாலையில் சூடு, அழுத்தம், நீர்மட்டம், ஈரம், எடை போன்றவற்றை அளந்து சொல்லும் கருவி உணரி. ஆலைக்காரர்கள் பேச்சில் அது சென்சார். வால்வைத் திறப்பது, மோட்டாரை ஓட்டுவது, மடையை மூடுவது போன்ற காரியங்களைச் செய்து முடிப்பது இயக்கி. இரண்டுக்கும் நடுவே முடிவெடுக்கும் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று இருக்கும். இம்மூன்றும் எந்த வழியாக, எந்த ஒழுங்கில் செய்தி பரிமாறிக்கொள்வது என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்ளும் ஏற்பாடுதான் தகவல் நெறிமுறை. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இன்றுவரை அந்தச் செய்தி அழுத்தக் காற்றில் போயிருக்கிறது, மின்னோட்டத்தில் போயிருக்கிறது, எண்களாக மாறிக் கம்பியில் போயிருக்கிறது, இப்போது வானலையிலும் போகிறது. ஆனால் புதியது வந்ததும் பழையது ஒழிந்துவிடவில்லை. ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து, எல்லாமே இன்றும் வேலை செய்கின்றன.

தமிழ்நாட்டில் இந்த வரலாற்றின் இரு முனைகளும் பழைய தென்னாற்காடு மாவட்டத்திலேயே கிடைக்கின்றன. பெரிய ஆலையின் முனை நெய்வேலி. சோவியத் உதவியோடு கட்டப்பட்ட அனல்மின் நிலையத்தின் முதல் 50 மெகாவாட் அலகு 1962-ல் அங்கே ஓடத் தொடங்கியது. மறு முனை செஞ்சியை அடுத்த அவலூர்பேட்டை. 1993-ல் மாவட்டம் பிரிந்தபோது நெய்வேலி கடலூரோடும் அவலூர்பேட்டை விழுப்புரத்தோடும் போயின. அவலூர்பேட்டையில் பெரிய ஆலை எதுவும் கிடையாது. நெல், மணிலா, கிணற்றுப் பாசனம், மூட்டைகள் வந்து இறங்கும் மார்க்கெட் கமிட்டி, இவைதான் ஊரின் பிழைப்பு. ஆனாலும் அளப்பதும் அதன்படி இயக்குவதும் நெல்லுக்கும் தேவைப்பட்டன. நெல்லை அவித்துக் களத்தில் கொட்டி, காலால் உழுது உழுது காயவைத்த காலத்தில் ஈரப்பதத்தைச் சொன்னது ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்த ஆளின் பல். சூட்டைச் சொன்னது கை. அந்தப் பல்லுக்கும் கைக்கும் பதிலாகக் கருவி வந்தபோது, கருவி சொல்வதை வேறோர் இடத்துக்கு எப்படிக் கொண்டுபோவது என்ற கேள்வியும் கூடவே வந்தது.

அந்தக் கேள்விக்குப் பெரிய ஆலைகள் கண்ட முதல் நல்ல விடை அழுத்தக் காற்று. சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு முதல் 15 பவுண்டு வரையான அழுத்தத்தை உலகம் முழுவதும் பொது அளவாக ஏற்றுக்கொண்டார்கள். மெட்ரிக் அளவில் அது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.2 முதல் 1 கிலோ. கருவிக்குள் மெல்லிய துளை ஒன்றிலிருந்து காற்று பீறிட்டுக்கொண்டே இருக்கும். துளைக்கு நேராக ஒரு சிறு தகடு. சூடோ அழுத்தமோ கூடும்போது தகடு மயிரிழை அளவு துளையை நெருங்கும். வெளியேறும் காற்று தடைப்பட்டு, பின்னால் குழாயில் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் விரல் தடிமன்கூட இல்லாத செப்புக் குழாய் வழியே கட்டுப்பாட்டு அறைக்குப் போய் அங்குள்ள முள்ளை நகர்த்தும். திரும்பி வரும் காற்று வால்வின் தலையிலுள்ள ரப்பர்ச் சவ்வை அழுத்தித் தண்டை இறக்கும். பூஜ்யத்தில் தொடங்காமல் 3 பவுண்டில் தொடங்கியது கூர்மையான யோசனை. அளவு குறைந்தபட்சத்தில் இருந்தாலும் குழாயில் 3 பவுண்டு இருந்தாக வேண்டும். அழுத்தம் பூஜ்யத்துக்குப் போனால் குழாய் உடைந்துவிட்டது என்று பொருள். ‘அளவு குறைவு’ என்பதையும் ‘கருவி செத்துவிட்டது’ என்பதையும் பிரித்துக் காட்டிய இந்த ஏற்பாடு பின்னால் வந்த ஒவ்வொரு தலைமுறைக்கும் கைமாறியது.

காற்றில் தீப்பொறி பறக்காது. எண்ணெயும் வாயுவும் புழங்கும் ஆலைகள் அதை நெடுநாள் விடாமல் வைத்திருந்ததற்கு அதுவே காரணம். 1969-ல் மணலியில் சென்னை சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கிய காலத்தில் உலகெங்கும் சுத்திகரிப்புத் தொழில் பெரிதும் காற்றுக் கருவிகளையே நம்பியிருந்தது. குறை, வேகம். குழாய் நீள நீளச் செய்தி தாமதமாகும். நூறு மீட்டரைத் தாண்டினால் வால்வு அசைவதற்குள் நிலைமை மாறிவிடும். ஈரக் காற்று போனால் நுண்துளை அடைத்துக்கொள்ளும்.

இந்தக் கருவிகளைக் கழற்றி மாட்டவும் அளவு சரிபார்க்கவும் ஆள் வேண்டுமே. அதற்கான படிப்பு இந்தியாவில் வேரூன்றிய இடங்களில் முதன்மையானது குரோம்பேட்டை. சி. ராஜம் 1949-ல் நிறுவிய சென்னைத் தொழில்நுட்ப நிறுவனம், அதாவது எம்.ஐ.டி., விமானம், மோட்டார் வாகனம், மின்னணுவியல் ஆகியவற்றோடு கருவியியலையும் தொடக்கத்திலேயே தனிப் பாடமாக வைத்தது. நாட்டில் கருவிகளைச் செய்யும் தொழிற்சாலைகளே அரிதாக இருந்த நேரம் அது. கருவி உற்பத்திக்கென்று இன்ஸ்ட்ருமென்டேஷன் லிமிடெட் என்ற பொதுத்துறை நிறுவனம் ராஜஸ்தான் கோட்டாவில் 1964-ல்தான் தோன்றியது. ஆலைக்கு முன்பே ஆளைத் தயாரித்த அந்த முன்யோசனையைத் தமிழ்நாட்டுத் தொழில் வரலாறு இன்னும் போதுமான அளவு பேசவில்லை.

காற்றின் இடத்தை மின்னோட்டம் பிடித்தது உடனடியாக நடந்துவிடவில்லை. ஆளுக்கோர் அளவு வைத்திருந்தார்கள். ஒரு சாரார் 10 முதல் 50 மில்லிஆம்பியர் என்றார்கள். சோவியத் கருவிகளில் 0 முதல் 5 பரவலாக இருந்தது. டிரான்சிஸ்டர் வந்து குறைந்த மின்னோட்டமே போதும் என்றான பிறகு 4 முதல் 20 மில்லிஆம்பியர் முந்திக்கொண்டது. அமெரிக்கக் கருவியியல் கழகம் 1975-ல் அதைத் தேசியத் தர அளவாக வெளியிட்டது.

தமிழ்நாட்டு ஆலைகளின் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக்குகள் ‘லூப்’ என்று சொல்வது இந்தச் சுற்றைத்தான். நெல் டிரையர் ஒன்றின் வெப்பக் காற்றை அளக்கும் டிரான்ஸ்மிட்டரை எடுத்துக்கொண்டால் விஷயம் விளங்கும். அதன் அளவை 0 முதல் 200 டிகிரி வரை என்று வைத்திருந்தால், 0 டிகிரிக்கு 4 மில்லிஆம்பியர், 100 டிகிரிக்கு 12, 200 டிகிரிக்கு 20. அறையிலிருந்து 24 வோல்ட் கொடுத்து இரண்டே கம்பி இழுத்தால் போதும். டிரான்ஸ்மிட்டர் தனக்கு வேண்டிய மின்சாரத்தையும் அதே கம்பியில் எடுத்துக்கொண்டு, சுற்றில் ஓடும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்துச் செய்தி சொல்லும். கம்பி நீண்டால் வோல்ட் குறையும். மின்னோட்டமோ சுற்றின் எந்தப் புள்ளியில் அளந்தாலும் ஒன்றே. மறுமுனையில் 250 ஓம் தடையைப் போட்டால் 1 முதல் 5 வோல்ட் கிடைத்துவிடும். மீட்டரில் 0 காட்டினால் கம்பி அறுந்துவிட்டது. எலி கடித்த கம்பியை இந்தச் சோதனையில் கண்டுபிடிக்காத மெக்கானிக் இருக்க மாட்டார். காற்றின் 3 பவுண்டு இங்கே 4 மில்லிஆம்பியராக வந்து உட்கார்ந்திருக்கிறது.

இதன் சுமை எண்ணிக்கையில் இருந்தது. ஒரு கருவிக்கு ஒரு ஜோடிக் கம்பி. ஆயிரம் கருவி உள்ள ஆலையில் ஆயிரம் ஜோடி. ஜங்ஷன் பாக்ஸ், கேபிள் ட்ரே, எண் பொறித்த ஃபெரூல், அறைக்கு வெளியே சுவர் நீளத்துக்கு மார்ஷலிங் அலமாரி என்று செப்பும் உழைப்பும் கொட்டின. அவ்வளவு செலவழித்தும் ஒரு ஜோடிக் கம்பியில் ஒரே ஒரு எண்தான் வரும். கருவியின் உடல்நிலை எப்படி, கடைசியாக எப்போது அளவு சரிபார்க்கப்பட்டது என்றெல்லாம் கேட்க வழியில்லை.

மாற்றம், மின்சாரத்தால் திறந்து மூடும் ஸ்விட்சுகளான ரிலேக்களை அடுக்கிய அலமாரியின் பக்கமிருந்து வந்தது. கார் ஆலைகளில் மாடல் மாறும்போதெல்லாம் நூற்றுக்கணக்கான ரிலேக்களின் கம்பிகளைப் பிரித்து மாட்ட வேண்டியிருந்தது. 1968-ல் டிக் மோர்லியும் அவருடைய கூட்டாளிகளும் உருவாக்கத் தொடங்கிய மோடிகான் 084, அந்த வேலையை நிரலால் செய்தது. பி.எல்.சி. எனப்படும் நிரல்வழிக் கட்டுப்பாட்டுக் கருவி இனத்தின் முன்னோடி அது. ஒரே ஆலையில் பல பி.எல்.சி.க்கள் வந்ததும் அவை தமக்குள் பேச வேண்டியதாயிற்று. மோடிகான் நிறுவனம் 1979-ல் மோட்பஸ் என்ற நெறிமுறையை வெளியிட்டது.

மோட்பஸின் இலக்கணம் மிகச் சுருக்கமானது. கேட்பவர் ஒருவர். மற்ற எல்லோரும் கேட்டால் மட்டும் பதில் சொல்வார்கள். ஒவ்வொரு கருவிக்கும் 1 முதல் 247 வரை ஓர் எண். கருவிக்குள் அளவுகள் வரிசை எண் போட்ட பதிவேட்டு அறைகளில் இருக்கும். கேள்வி மொத்தம் 8 பைட்டுகள். முதல் பைட் யாரைக் கேட்கிறோம் என்பது. இரண்டாவது என்ன வேலை என்பது. பதிவேட்டைப் படிக்க 3. அடுத்த இரண்டு எந்த அறையிலிருந்து, அதற்கடுத்த இரண்டு எத்தனை அறைகள். கடைசி இரண்டு பிழைச் சரிபார்ப்பு. வழியில் ஒரு பிட் கெட்டிருந்தாலும் பெறுபவர் கணக்குப் போட்டு அந்தச் செய்தியைத் தள்ளிவிடுவார். 1983-ல் வந்த ஆர்.எஸ். 485 என்ற மின் இணைப்புத் தரத்தின்மேல் இதை ஏற்றியபோது, முறுக்கிய ஒரு ஜோடிக் கம்பியில் 32 கருவிகளை 1,200 மீட்டர் வரை கோத்துவிட முடிந்தது. யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்பதும், சாதாரண மைக்ரோகன்ட்ரோலரில் ஓரிரு நாளில் எழுதிவிடலாம் என்பதும் மோட்பஸுக்கு வாழ்வு கொடுத்தன. இன்று அரிசி ஆலையில் மின் மீட்டர், மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ், வெப்பக் கட்டுப்பாட்டுப் பெட்டி எதை வாங்கினாலும், அதன் முதுகில் ஏ, பி என்று குறித்த இரண்டு திருகுகள் பெரும்பாலும் இருக்கும். அவை ஆர்.எஸ். 485-க்கானவை. ஏ-யையும் பி-யையும் மாற்றி மாட்டியதால் நாள் முழுக்கப் பதில் வராமல் தவிப்பது இந்தத் தொழிலில் சகஜம்.

மோட்பஸ் புதுக் கம்பி கேட்டது. ஏற்கனவே இழுத்த ஆயிரம் ஜோடியை என்ன செய்வது? 1980-களின் நடுவில் ரோஸ்மவுன்ட் நிறுவனம் கொண்டுவந்த ஹார்ட் நெறிமுறை இதற்கு அழகான வழி கண்டது. ஓடிக்கொண்டிருக்கும் 4–20 மில்லிஆம்பியர்மேல் அரை மில்லிஆம்பியர் ஏறியிறங்கும் சிற்றலை ஒன்றை ஏற்றினார்கள். நொடிக்கு 1,200 அதிர்வு என்றால் ஒன்று, 2,200 என்றால் பூஜ்யம். ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று சமன் செய்வதால் அடியிலுள்ள அளவு மாறாது. பழைய முள் பழையபடியே காட்டும். கையடக்கக் கருவியைக் கொக்கி போட்டு மாட்டினால், டிரான்ஸ்மிட்டர் தன் பெயர், அளவு எல்லை, கோளாறு எல்லாவற்றையும் சொல்லும். 1993-ல் தனி அறக்கட்டளை அமைத்து நெறிமுறையை எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். ஓடும் ஆலையை ஒரு நாளும் நிறுத்தாமல் புதுமை புகுந்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் காட்டுவது கடினம்.

அடுத்து வந்த காலத்தை இத்துறையினர் ஃபீல்டுபஸ் போர் என்பார்கள். எல்லாக் கருவிகளையும் எண்வழியாகவே ஒரே கம்பியில் இணைக்கும் பொதுத் தரம் வேண்டும் என்று 1980-களின் நடுவில் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் (ஐ.இ.சி.) வேலையைத் தொடங்கியது. முடிவு வரும்வரை எவரும் காத்திருக்கவில்லை. ஜெர்மனியில் நிறுவனங்களும் ஆய்வகங்களும் சேர்ந்து 1987-ல் புரொஃபிபஸ் திட்டத்தைத் தொடங்கின. பிரான்ஸ் ஃபிப் என்ற தன் முறையை முன்வைத்தது. டென்மார்க்குக்கு பி-நெட். அமெரிக்கப் பக்கத்து அணிகள் இணைந்து 1994-ல் ஃபீல்டுபஸ் ஃபவுண்டேஷன் ஆயின. பத்து ஆண்டுகளுக்கு மேல் வாக்கெடுப்பும் தடையும் நடந்தன. 1999 இறுதியில் ஐ.இ.சி. 61158 நிறைவேறியபோது, ஒன்றோடொன்று பேச முடியாத 8 வகைகள் ஒரே தரத்தின் உறுப்புகளாக உள்ளே நுழைந்திருந்தன. அதைத் தரம் என்று சொல்வதைவிட உடன்படிக்கை என்பதே பொருந்தும். செலவு வாங்குபவர் தலையில் விழுந்தது. ஒரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக் கருவியை வாங்கிய ஆலை, அடுத்த இருபது ஆண்டுக்கு அதே மொழி பேசும் வால்வையும் டிரான்ஸ்மிட்டரையும் தேட வேண்டியதாயிற்று.

இந்தச் சண்டைக்கு வெளியே இரண்டு எளிய முறைகள் சத்தமில்லாமல் வேரூன்றின. 1990-ல் 11 நிறுவனங்கள் கூடி உருவாக்கத் தொடங்கிய ஏ.எஸ்.-இன்டர்ஃபேஸ், தட்டையான மஞ்சள் கம்பி ஒன்றில் 31 கருவிகளுக்கு மின்சாரமும் செய்தியும் கொடுத்தது. கம்பியை வெட்டவோ தோலுரிக்கவோ வேண்டாம். கருவியை வைத்து அழுத்தினால் ஊசிகள் தோலைக் குத்திச் செப்பைத் தொடும். மற்றொன்று போஷ் நிறுவனம் 1986-ல் வெளியிட்ட கேன். காருக்குள் இருக்கும் பல கட்டுப்பாட்டுப் பெட்டிகளை இரண்டு கம்பியில் இணைக்கப் பிறந்தது. இரண்டு பெட்டிகள் ஒரே நொடியில் பேச ஆரம்பித்தால், ஒவ்வொன்றும் தான் அனுப்பும் பிட்டைக் கம்பியில் திரும்பப் படித்துக்கொண்டே போகும். ஒன்று என அனுப்பிய பெட்டி கம்பியில் பூஜ்யத்தைக் கண்டால், தன்னைவிட முக்கியமான செய்தி போகிறது என்று புரிந்துகொண்டு உடனே நிறுத்திக்கொள்ளும். முக்கியமான செய்திக்கு ஒரு பிட்கூட இழப்பில்லை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிய பிறகு, சென்னையைச் சுற்றி வளர்ந்த வாகனத் தொழில் வட்டாரம் இந்த மொழிகளைப் பேசும் ஆட்களை ஆயிரக்கணக்கில் கேட்டது. பாலிடெக்னிக் மாணவர்களுக்கு பி.எல்.சி. என்ற சொல் பழகியதில் அந்த வேலைவாய்ப்புக்குப் பெரும் பங்குண்டு. பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையும் இதே பாதையில்தான் வந்தது. 1955-ல் பெட்டிகளின் கூட்டை மட்டும் செய்யத் தொடங்கிய ஆலை, 2018-ல் வந்தே பாரத் ரயிலை வெளியில் விட்டபோது, 16 பெட்டிகளின் கதவு, பிரேக், மோட்டார், குளிர்சாதனம் அனைத்தையும் கணினி வலையமைப்பு ஒன்றில் கோத்திருந்தது.

அலுவலகத்துக் கணினிகளுக்காக 1973-ல் பிறந்த ஈதர்நெட், ஆலைக்குள் தாமதமாகவே நுழைந்தது. செய்தி எப்போது போய்ச் சேரும் என்று அது உறுதி சொல்லாது. மில்லி நொடியில் வெட்டுக்கத்தியை நிறுத்த வேண்டிய இடத்தில் அந்த நிச்சயமின்மை ஆபத்து. மோதலைத் தவிர்க்கும் ஸ்விட்சுகள் மலிவானதும் தடை விலகியது. 1999-ல் மோட்பஸ் தன் பழைய கேள்வி-பதிலை அப்படியே ஈதர்நெட்டின்மேல் ஏற்றிக்கொண்டது. 2003-ல் பெக்காஃப் நிறுவனம் கொண்டுவந்த ஈதர்கேட்டில் செய்தி எந்த நிலையத்திலும் நிற்காது. கடந்து போகும்போதே ஒவ்வொரு கருவியும் தனக்குரியதை எடுத்து, தன்னுடையதைச் செருகிவிடும். வயரில்லா முறைகளில் 2007-ல் வந்த வயர்லெஸ்ஹார்ட் முக்கியமானது. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் வயரில்லா உணரி வலையமைப்புகளைத் தானே உருவாக்கிச் சோதித்திருக்கிறது.

எல்லாம் இணைந்தபோது பூட்டு இல்லாத குறை வெளியே வந்தது. மோட்பஸ் பிறந்த காலத்தில் கம்பியைத் தொடக்கூடியவர் ஆலைக்குள் இருந்தவர் மட்டுமே. எனவே கேட்பவர் யார் என்று அது விசாரிப்பதே இல்லை. 2010-ல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல், பி.எல்.சி.க்குள் புகுந்து மோட்டார் வேகத்தை மாற்றிக்கொண்டே, கட்டுப்பாட்டு அறைக்கு எல்லாம் சரி என்று காட்டியது. 2019 அக்டோபரில், கூடங்குளத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் தீநிரல் புகுந்ததை இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலையின் கட்டுப்பாட்டு வலையமைப்பு அதிலிருந்து பிரித்து வைக்கப்பட்டிருந்ததால் பாதிக்கப்படவில்லை என்றும் கழகம் அறிவித்தது. பிரித்து வைப்பது எவ்வளவு பழைய முறையானாலும் அதன் மதிப்பு குறையவில்லை.

செஞ்சி வட்டாரத்து நெல் போய்ச் சேரும் நவீன அரிசி ஆலைகளில் இந்த எல்லாத் தலைமுறைகளும் ஒரே கூரையின் கீழ் நிற்கின்றன. கொள்முதலில் ஈரம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது கையடக்க மீட்டர். அவியலுக்கு நீராவி தரும் பாய்லரில் 4–20 மில்லிஆம்பியர். எலிவேட்டர் மோட்டார்களின் டிரைவுகளில் மோட்பஸ். கலர் சார்ட்டரில், விழுந்துகொண்டிருக்கும் அரிசியைக் கேமரா பார்த்துக் கறுப்பு மணியைக் கண்டுபிடிக்கிறது. சில மில்லி நொடிக்குள் சிறு வால்வு ஒன்று திறந்து, அந்த மணியை மட்டும் ஓரமாக ஊதித் தள்ளுகிறது. ஊதுவது அழுத்தக் காற்று.

கிணற்று மோட்டாரில் கதை வேறு விதமாக நடந்தது. முறை வைத்து வரும் மும்முனை மின்சாரத்துக்காக நள்ளிரவில் டார்ச் லைட்டோடு கொல்லைக்குப் போய் மோட்டார் போடுவது அவலூர்பேட்டைப் பக்கத்து விவசாயிக்கு வாழ்க்கை முறையாகவே இருந்தது. பாம்புக்கடிக்கும் மின்கசிவுக்கும் பயந்துகொண்டே செய்த வேலை அது. அதற்கு மாற்றாக வந்தது, கைபேசியால் மோட்டாரை இயக்கும் ஸ்டார்ட்டர். புனேயில் சந்தோஷ் ஓஸ்ட்வால் உருவாக்கிய ‘நானோ கணேஷ்’ இத்துறையில் முன்னோடி. தமிழ்நாட்டில் வேளாண் பொறியியல் துறை இத்தகைய கருவிகளுக்கு மானியம் தருகிறது. பெட்டிக்குள் ஒரு சிம். மூன்று முனையிலும் மின்சாரம் இருக்கிறதா, மோட்டார் இழுக்கும் ஆம்பியர் சரியா என்று அது அளந்துகொண்டிருக்கும். ஆம்பியர் சட்டென்று குறைந்தால் கிணற்றில் தண்ணீர் இல்லை என்று பொருள். தானே நிறுத்திவிட்டுத் தகவல் சொல்லும். கட்டிலில் படுத்தபடி போன் போட்டு மோட்டாரை ஓட்டலாம். உணரி, கட்டுப்பாடு, இயக்கி, நெறிமுறை எல்லாம் தென்னந்தோப்பின் ஓரத்துத் தகரப் பெட்டி ஒன்றில் அடங்கிவிட்டன.

ஆனால் இந்தப் பெட்டிகளுக்கு இன்றுவரை பொது மொழி இல்லை. ஒரு கம்பெனிப் பெட்டிக்கு ஒரு குறுஞ்செய்திக் கட்டளை, இன்னொன்றுக்கு இன்னொன்று. பல பெட்டிகள் 2ஜி அலையை மட்டுமே அறிந்தவை. 4ஜி மட்டும் உள்ள சிம்மைப் போட்டால் ஊமையாகிவிடும். கம்பெனி கடையை மூடினால் செயலியும் போய்விடும். இது தீர்க்க முடியாத சிக்கல் அல்ல. மின் மீட்டர்கள் இப்படித்தான் ஆளுக்கொரு மொழி பேசிக்கொண்டிருந்தன. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2011-ல் ஐ.எஸ். 15959 என்ற தரத்தை வெளியிட்டு அவற்றுக்குப் பொது மொழி வகுத்தது. மானியத்தில் கொடுக்கும் மோட்டார் ஸ்டார்ட்டருக்கும் அதுபோல ஒரு திறந்த தரத்தை அரசு நிபந்தனையாக்க வேண்டும்.